இன்னொரு பிள்ளையா, இவன் ஒருவன் போதுமா? கடும் மசக்கையைத் தாண்டி வந்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவு

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏழே வாரத்தில் 54 கிலோவில் இருந்து 46.5 கிலோவுக்கு இறங்கினேன். கல்யாணத்துக்குப் போட்ட வளையல் கையை மடக்காமலே கழன்று விழுந்தது. எழுந்து ஓட நேரம் கிடைக்காது என்று குளியலறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்துக் கிடந்தேன். எச்சில்கூட உள்ளே இறங்காது. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தலைமாட்டில் வைத்துத் துப்பிக்கொண்டே இருப்பேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்; வீட்டுக்குக் கொல்லைப்புறம் ஒரு அரிசி மில். அது மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்திருந்த நேரம். தொட்டியில் ஊறும் நெல்லின் புளித்த வாடையும், விடிகாலையில் அவிக்கும்போது எழும் ஆவியும் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். பிறந்ததில் இருந்து மோந்து வளர்ந்த வாசனை அது. அந்த ஏழு வாரமும் அதுதான் எனக்கு எமன்.

பையன் 2.6 கிலோவில் நல்லபடியாகப் பிறந்தான். வரும் புரட்டாசியில் அவனுக்கு 4 வயது முடிகிறது. "தனிமரம் தோப்பாகுமா? அவனுக்குத் துணைக்கு ஒண்ணு வேண்டாமா?" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் அந்தப் பாயும் டம்ளரும் நினைவுக்கு வந்தால் உடம்பு நடுங்குகிறது. ஆசையும் பயமும் ஒரே ஆளுக்குள் இருக்கும்போது முடிவு எடுப்பது எப்படி என்றுதான் இரண்டு வருஷமாக நானும் அவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதே இடத்தில் நிற்கிற வேறு பெண்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். மசக்கை வேறு, இது வேறு. பத்தில் ஏழெட்டுப் பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். சங்கடப்படுத்தும், அப்புறம் போய்விடும். நான் சொல்வது நூற்றில் மூன்று பேருக்கும் குறைவாக வருவது. எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறையும், தண்ணீர் தங்காது, சிறுநீர் வற்றும், எழுந்து நிற்க முடியாது. மருத்துவத்தில் இதற்கு ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று பெயர். நம் ஊரில் இதற்கென்று தனிப் பெயர் இல்லாததால் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்ற ஒரே பதிலில் அடங்கிப்போகிறது. எனக்கும் ஒரு மருத்துவர் அதையே சொன்னார். சிறுநீரில் கீட்டோன் (பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீட்டோனை வைத்து இந்த நோயின் தீவிரத்தை அளக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அழுதுகொண்டே திரும்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் முதல் ஒரு வருஷம் இந்தக் கேள்வியைப் பிள்ளையில் இருந்து தொடங்கினோம். துணை வேண்டுமா, இரண்டு பேரைப் படிக்க வைக்க முடியுமா, பெண் குழந்தை வந்தால் எப்படி இருக்கும் என்று. பேச்சு ஓர் அடிகூட நகரவில்லை. பிறகு ஒருநாள் அவர்தான் கேட்டார்: "பிள்ளை பிறந்த பிறகு நடக்கிறதை விடு. ஒன்பதாவது வாரம், நீ பாயில கிடக்கறப்போ, யார் என்ன செய்யறது?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. எங்கள் முன்னால் இருந்த ஒவ்வொரு வழியையும் அந்த ஒன்பதாவது வாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

திரும்பவும் வருமா? வழியை ஒப்பிடுவதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும். தேடினால் தலை சுற்றும். நார்வேயின் பிறப்புப் பதிவேட்டை வைத்து 2005இல் வந்த ஆய்வு, முதல் முறை வந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு இரண்டாம் முறையும் வந்ததாகச் சொல்கிறது. முதல் முறை வராதவர்களுக்கு அது 1 சதவீதம்கூட இல்லை. 2011இல் அமெரிக்காவில் பாதிக்கப்பட்ட பெண்களையே கேட்டு எழுதிய ஆய்வில், மறுபடி கருத்தரித்தவர்களில் 81 சதவீதம் பேர் கடுமையாகத்தான் இருந்தது என்றார்கள். 15 எங்கே, 81 எங்கே! இரண்டும் பொய் இல்லை, எண்ணிய விதம்தான் வேறு. பதிவேட்டில் நோய் என்று குறிக்கப்பட்டவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். வீட்டிலேயே பாயில் கிடந்து சமாளித்தவள் அதில் இல்லை. ரொம்பவும் அவதிப்பட்டவர்கள் இனி வேண்டாம் என்று நின்றுவிடுவதால் அவர்களும் இல்லை. கேட்டு எழுதிய ஆய்விலோ, அதிகம் பட்டவர்களே அதிகம் பதில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் இதை எடுத்துக்கொண்ட விதம் இது: வரும் என்றே வைத்துத் திட்டம் போட வேண்டும், வராவிட்டால் பாக்கியம்.

எதனால் வருகிறது என்பது இப்போது ஓரளவு புரிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓரஹிலியும் அமெரிக்காவின் மார்லினா ஃபெஜ்ஸோவும் அதில் முக்கியமானவர்கள். ஃபெஜ்ஸோவே இதே நோயில் 1999இல் தன் கர்ப்பத்தை இழந்தவர். கருவில் இருந்து வரும் ஜிடிஎஃப் 15 என்ற ஹார்மோன்தான் மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது; கர்ப்பத்துக்கு முன்னால் யார் உடம்பில் அது குறைவாக இருந்ததோ, அவர்களுக்கு அந்த ஏற்றம் தாங்காமல் நோய் முற்றுகிறது என்று கண்டார்கள். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டால் எப்போதும் அந்த ஹார்மோன் அதிகம் இருக்கும் பெண்களுக்கு மசக்கை குறைவாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. எனக்கு இதில் பெரிய ஆறுதல், இது மனசு சம்பந்தப்பட்டது இல்லை, நான் செல்லம் கொஞ்சவில்லை என்று தெரிந்ததுதான். பிரிட்டன் இளவரசி கேட்டுக்கு 2012, 2014, 2017 என்று மூன்று கர்ப்பத்திலும் இது வந்தது. அரண்மனை வசதி தடுக்கவில்லை. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோனைக் கூட்டிப் பழக்க மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை உதவுமா என்று ஆராய்கிறார்கள். அது இன்னும் ஆய்வுதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இவன் ஒருவனோடு நிறுத்திக்கொள்வது. ஒன்பதாவது வாரம் என்ற கேள்வியே இதில் எழாது, அதுதான் இதன் முழு பலம். நான் இதை ஒரு குறைந்த வழியாகப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஒற்றைப் பிள்ளை வீடு இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறது. துணை என்பது கூடப் பிறந்தால்தான் என்றும் இல்லை. என் நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேரும் மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில்தான். பம்புசெட்டில் மூன்று பேரையும் ஒன்றாகத்தான் குளிப்பாட்டுகிறேன். ஆனால் இதில் ஒரு துக்கம் உண்டு. வேண்டாம் என்று நிறுத்துவது வேறு, முடியாது என்று நிறுத்துவது வேறு. பெட்டியில் மடித்து வைத்த பச்சைக் குழந்தைச் சட்டையை யாருக்காவது கொடுக்கும் நாளில் அந்த வித்தியாசம் தெரியும். அதை மறைக்கத் தேவையில்லை, அழுதுவிட்டுக் கொடுக்கலாம். இந்த வழிதான் என்று முடிவானால், பெண்ணுக்கு ஆபரேஷன் என்று உடனே ஓடாதீர்கள். ஆண்களுக்கான தழும்பில்லாத கருத்தடை சிகிச்சை பெண் ஆபரேஷனைவிட மிக எளிது. செய்த பிறகு மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். இவ்வளவு பட்ட உடம்பில் இன்னொரு கத்தி எதற்கு என்று கேட்பதில் தப்பே இல்லை.

தத்தெடுப்பதைப் பற்றியும் விசாரித்தோம். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள், இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அது 85ஐத் தாண்டக் கூடாது. ஒரு பிள்ளை இருப்பது தடை இல்லை. காத்திருப்பு வருஷக்கணக்கில் போகும். நான் இதில் ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன்: என் வாந்திக்கு மாற்றாக ஒரு குழந்தையைக் கொண்டுவரக் கூடாது. அந்தக் குழந்தைக்காகவே வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் இதைவிட நல்ல வழி இல்லை. எங்களுக்கு அப்படி இன்னும் தோன்றவில்லை. வாடகைத்தாய் முறையைச் சிலர் சொல்வார்கள். உயிரோடு ஒரு பிள்ளை இருக்கும் தம்பதிக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவாக இடம் இல்லை.

தள்ளிப்போடுவது. நிறையப் பேர் இதில்தான் நிற்கிறோம், முடிவு எடுக்காமலே. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே 24 மாதம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது நல்ல காரணம். ஆனால் அதற்கு மேல் காத்திருப்பதால் மட்டும் ஒன்பதாவது வாரம் இலகுவாகிவிடாது. காத்திருக்கும் காலத்தில் ஏதாவது செய்தால்தான் அர்த்தம்: ரத்தசோகையைச் சரி செய்வது, எடையைத் திரும்பப் பிடிப்பது, பணம் சேர்ப்பது, மருத்துவரைத் தேடுவது. எதைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் காப்பர் டி 380ஏ 10 வருஷம் வேலை செய்யும், எடுத்ததும் கருத்தரிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை நிறுத்தினால் கரு தங்கப் பல மாதம் பிடிக்கலாம். நாள் தள்ளிப்போனாலே நெஞ்சு படபடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு "பார்த்துக்கலாம்" என்று இருப்பது சரிப்படாது. திட்டமில்லாமல் வருகிற கர்ப்பம்தான் இந்த நோயில் எல்லாவற்றையும்விட மோசம்.

கடைசியாக, இன்னொரு முறை முயல்வது. இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே நம்மால் மாற்றக்கூடியது இங்கேதான் உண்டு.

முதல் மாற்றம் மருந்து எப்போது தொடங்குகிறது என்பது. முதல் முறை எனக்கு மாத்திரை கிடைத்தது பத்தாவது வாரத்தில். அதற்குள் மாத்திரையே தங்காத நிலை. டாக்ஸிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரையை, முன்பு கடுமையாக வந்தவர்களுக்கு, கர்ப்பம் உறுதியானதுமே, வாந்தி தொடங்கும் முன்பே கொடுத்தால் தீவிரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஆகாது" என்று அத்தை பயந்தார்கள். அவர்கள் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இதே சேர்க்கை மருந்து வழக்குகளால் 1983இல் அமெரிக்கச் சந்தையில் இருந்து விலக்கப்பட்டது. கெடுதல் இல்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு 2013இல் மறுபடி அனுமதி பெற்றது. அதற்கு அடுத்த படி ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து. முதல் மூன்று மாதத்தில் போட்டால் உதடு அல்லது அண்ணப் பிளவு 10,000 பிறப்புக்கு 11 என்பது 14 ஆகலாம் என்று ஒரு பெரிய ஆய்வு கண்டது. இந்த எண்ணை நானும் அவரும் தாளில் எழுதிப் பார்த்தோம். 10,000இல் 3 அதிகம் என்பது ஒரு பக்கம், தண்ணீரே தங்காமல் சிறுநீர் வற்றுவது மறு பக்கம். தேவைப்பட்டால் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தோம். வேறு ஒரு தம்பதி வேறு மாதிரி தீர்மானிக்கலாம். ஆனால் முன்கூட்டியே, தெளிந்த தலையோடு தீர்மானிக்க வேண்டும். பாயில் கிடக்கும்போது எதையும் யோசிக்க முடியாது.

இரண்டாவது, குளுகோஸ். நம் பக்கத்தில் சோர்ந்து விழுந்தவர்களுக்கு முதல் வைத்தியம் "ஒரு பாட்டில் குளுகோஸ் ஏத்தினா சரியாயிடும்". இந்த நோயில் அது ஆபத்தாக முடியலாம், தயவுசெய்து கவனியுங்கள். வாரக்கணக்கில் சாப்பிடாத உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், தீர்ந்திருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுகோஸ் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் இரண்டு இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அறிகுறிகள். ஏற்ற வேண்டியது உப்புநீர் சலைன், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதுவும் சேர்த்து. அதற்கு முன் தயமின். கூட இருக்கும் கணவரோ அம்மாவோ செவிலியரிடம் "தயமின் போட்டாச்சா?" என்று கேட்டாலே போதும். என் கணவர் இந்த வாக்கியத்தைத் தன் செல்போனில் எழுதி வைத்திருக்கிறார்.

மூன்றாவது, மருத்துவர். இந்த முறை கருத்தரிக்கும் முன்பே போய்ப் பேசினோம். நோயின் பெயரைச் சொன்னதும் புருவம் உயர்த்தாமல், "போன தடவை எந்த வாரம் தொடங்குச்சு, எவ்வளவு எடை குறைஞ்சது?" என்று கேட்டவரைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று பேரைப் பார்த்த பிறகு கிடைத்தார். எந்த நாளில் எந்த மாத்திரை, எப்போது சலைன், எப்போது படுக்கையில் சேர்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஃபோலிக் ஆசிட் இப்போதே தொடங்கச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் அந்த வாரங்களில் நிறுத்தி வைக்கலாம் என்றார். பியூக் என்ற அளவுகோலில் மூன்றே கேள்வி: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குமட்டல், எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை வெறும் ஓங்கரிப்பு. மொத்தம் 15க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை. தினமும் எழுதிக் காட்டினால் "உனக்கு ரொம்பத்தான்" என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காவது, இடமும் ஆளும். மில் ஓய்ந்திருக்கும் மாதமாகப் பார்த்துக் கருத்தரிக்கலாமா என்றுகூட யோசித்தோம். குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் வரும். சம்பாவும் தாளடியும் தையில் இருந்து பங்குனி வரை. தொடர்ந்து சில மாதம் ஓய்வு கிடைப்பது சித்திரையில் இருந்துதான். ஆனால் அந்த வெயிலில் வாந்தியும் சேர்ந்தால் உடம்பு இன்னும் வற்றும். அதோடு கரு நம் பஞ்சாங்கம் பார்த்துத் தங்குவதும் இல்லை. மாதத்தை மாற்றுவதைவிட வீட்டை மாற்றுவது எளிது என்று முடிவுக்கு வந்தோம். ஆறாவது வாரத்தில் இருந்து மூன்று மாதத்துக்கு, மில்லும் ஹோட்டலும் பக்கத்தில் இல்லாத, படியேறாமல் போகக்கூடிய ஒரு வாடகை வீடு. அதில் அம்மா என்னோடு. பையன் அப்பாவோடும் அத்தையோடும் இங்கேயே. அவனைப் பிரிந்திருப்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அவன் என்னை அந்த நிலையில் தினமும் பார்ப்பதைவிட, சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போவது மேல். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகைக்கு அத்தை வேண்டிக்கொண்டு நெய் வாங்கி வைத்திருக்கிறார்கள். தாளித்த வாடை என் பக்கம் வராமல் வெளியே கொட்டகையில் சமைப்பதாகவும் அவர்களே சொல்லிவிட்டார்கள். இரண்டுமே எனக்குத் தெம்பு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது 8 வாரம்தான், அதனால் ஒன்பதாவது வாரத்துக்கு அது உதவாது. கர்ப்பத்தால் வரும் நோய்க்கென்று சம்பளத்தோடு ஒரு மாதம் கூடுதல் விடுப்பு அதே சட்டத்தில் இருக்கிறது. மருத்துவச் சான்று கொடுத்துக் கேட்க வேண்டும், பலருக்கு இது தெரியாது. மிச்ச இரண்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு என்றாலும், அது பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தவணை தவணையாக வருவது. வாடகையும் சலைன் செலவும் முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். இரண்டு போகம் விளைச்சலில் இருந்து அதற்கென்று எடுத்து வைக்கிறோம்.

இன்னொன்றையும் பேசினோம், பேசக் கஷ்டமாக இருந்தது. எல்லா மருந்தும் கொடுத்தும் உயிருக்கே ஆபத்து என்றால்? 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். அப்படி ஒரு நாள் வந்தால் நான் என்ன சொல்கிறேனோ அதுதான், வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த வார்த்தை கிடைத்த பிறகுதான் முயல்வது பற்றி யோசிக்கவே எனக்குத் தைரியம் வந்தது. முதல் பிரசவத்துக்குப் பின் அந்த நாட்கள் கனவில் வந்து எழுப்பும். அப்படி யாருக்காவது இன்னும் வந்துகொண்டிருந்தால், முடிவை விட்டுவிட்டு முதலில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பயம் ஆறாமல் எடுக்கும் "சரி"யும் "வேண்டாம்"மும் இரண்டுமே நம்முடையது இல்லை.

ஆக, எங்கள் கணக்கில் முயல்வதும் நிறுத்துவதும்தான் மிஞ்சின. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கோடு: ஏற்பாடு முழுதாக இருந்தால் முயல்வது, ஒன்று குறைந்தாலும் இவன் ஒருவனோடு நிறைவாக இருப்பது. மருத்துவரும் அவர் எழுதிய தாளும் இருக்கிறது. அம்மா வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பணம் தாளடி அறுவடையோடு சேர்ந்துவிடும். பாபநாசத்தில் பார்த்த இரண்டு வீட்டில் ஒன்று மாடி, இன்னொன்றுக்கு எதிரே டீக்கடை. காலையில் முதல் பாலைக் காய்ச்சும் வாடை நேரே வாசலுக்கு வருகிறது. வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். அது கிடைக்கும்வரை காப்பர் டி இருந்த இடத்திலேயே இருக்கும்.